ஒரு திதியும் அரை மணித்தியாலமும்

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் நேரம் பார்க்கக் கைத்தொலைபேசியைத்தான் திருப்பிப் பார்க்கிறீர்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடிந்ததும் நான் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவேன். உங்கள் தொலைபேசியோ ஒருவரும் தொடாமலே தன்னைத் திருத்திக்கொண்டு கிடக்கும். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்காதது பிழையில்லை. நானும் கனகாலம் கேட்கவில்லை. கேட்கவேண்டி வந்தது ஒரு மனிதர் தன் தாய்க்காகத் தவித்தபோதுதான். அதை எழுதிவைக்கிறேன். நான் பள்ளியில் ஓ.எல். பரீட்சை மட்டும் படித்தவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்து வாசியுங்கள்.

மூத்தவள் கிண்டர்கார்ட்டன் போகத் தொடங்கிய வருடம் அது, இரண்டாயிரத்து ஒன்பது. இங்கே சுவிஸில், பேர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை எனக்கு. ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கினேன், நாரி பிடித்துக்கொண்டது. இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. இனி பாரம் தூக்குகிற வேலை ஐம்பது வீதம்கூடச் செய்யக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். காப்புறுதிக் கந்தோரில் இருந்த பெண் என்னை வேறு தொழில் பழக அனுப்பப் போவதாகச் சொல்லி, “உங்களுக்கு எதில் விருப்பம்?” என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்தக் கந்தோரிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கதிரையில் இருந்து செய்கிற வேலையாக நான் கண்டது ஒன்றுதான். “கணினி” என்றேன்.

அப்படித்தான் இணையத்தளம் கட்டுகிற படிப்புக்குப் போனேன். வகுப்பில் எனக்குத்தான் வயது கூட. இரண்டாம் நாள் படிப்பிக்கிறவர் ஒரு பெரிய பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து, ஒரு விசையை அழுத்தினார். படங்களும் நிறங்களும் மறைந்து, அந்தப் பக்கம் எழுதப்பட்ட எழுத்து அவ்வளவும் வரிசையாக வந்து நின்றது. குசினிக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாடு விற்கிற கடையை நான் முன்பு கண்டதில்லை. நான் கை உயர்த்தி, “இதைப் பார்க்க அனுமதி எடுக்க வேண்டாமா?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “வேண்டாம். உலகத்தில் எந்தப் பக்கத்தையும் பார்க்கலாம்” என்றார். பக்கத்து மாநிலத்துக்கு வேலைக்குப் போகவும் அனுமதிக் கடிதம் கேட்டு நின்ற காலம் எனக்கு மறந்திருக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் கண்ணில் பட்ட பக்கத்தையெல்லாம் உள்ளே திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் திறந்தது.

படிப்பு முடிய, துன் நகரில் இரண்டு அறை கொண்ட ஒரு சிறிய நிறுவனத்தில் ஐம்பது வீத வேலை, அதாவது பாதி நேர வேலை, கிடைத்தது. ஏரிக்கரை ஹோட்டல்களுக்குப் பக்கம் செய்து கொடுப்போம்: அறை பதிகிற படிவம், எந்த நாள் அறை காலி என்று காட்டுகிற நாட்காட்டி, இப்படி. மற்ற ஐம்பது வீதத்துக்கு ஆஸ்பத்திரி என்னை விடவில்லை. பாரமில்லாத வேலையாகத் துணி பிரிக்கிற பகுதியில் போட்டார்கள். ஒரு கிழமையின் ஐந்து வேலை நாளில் பாதி கட்டில் விரிப்பும் பாதி கணினியுமாகப் போனது.

அந்தத் தொழிலில் என்னை வியக்க வைத்தது என் கெட்டித்தனம் அல்ல, அது கொஞ்சம்தான். யாரோ முகம் தெரியாதவர்கள் செய்து வைத்துவிட்டுப் போன சாமான்கள்தான். நாட்காட்டி வேண்டுமா, ஒருவர் எழுதி வைத்திருப்பார். வரைபடம் வேண்டுமா, இன்னொருவர். கூடவே ஒரு சிறு குறிப்பு: எடு, பயன்படுத்து, மாற்று, மற்றவனுக்கும் கொடு. நான் ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் நன்றிக் கடிதம் எழுதினேன். செஃப், அதாவது என் முதலாளி, கண்டுவிட்டு, “இப்படி எழுதினால் நீ ஓய்வூதியம் எடுக்கிற வயதுவரை எழுத வேண்டி வரும்” என்றார்.

அந்த நாட்களில்தான் திதிப் பக்கம் செய்தேன். திதி என்றால் உங்களுக்குக் கோயிலில் கேட்ட ஒரு சொல். சந்திரன் சூரியனை விட்டு எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதை முப்பது பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு திதி. வளர்பிறையில் பதினைந்து, தேய்பிறையில் பதினைந்து. ஒருவர் இறந்தால், அவர் இறந்த நேரத்தில் எந்தத் திதி இருந்ததோ, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் அதே திதி வருகிற நாளில்தான் அவருக்குத் திவசம் கொடுப்போம். திகதியைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அந்த நாளை அறிய ஐயரைக் கேட்க வேண்டும். எங்கள் ஐயரோ லாங்கன்தாலில் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் கிரியைகள் செய்கிறவர். தொலைபேசி எடுத்தால் ஒன்றில் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பார், அல்லது நித்திரை.

“ஐயரைப் பிடிக்கிறதை விடச் சந்திரனைப் பிடிக்கலாம் போல கிடக்கு” என்றார் உங்கள் அம்மா ஒருநாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். நான் போய்த் தேடினேன். சந்திரன் எந்த நொடியில் எங்கே நிற்கும் என்ற கணக்கை யாரோ ஒரு மனிதர் எழுதி, யாரும் எடுக்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். எனக்குக் கணக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியும் இருக்கவில்லை. நாளும் நேரமும் கொடுத்தால் அது சந்திரனைக் காட்டியது. ஐயரின் புதுப் பஞ்சாங்கத்தோடு நாற்பது நாளை ஒத்துப் பார்த்தேன். ஓரிரண்டு நிமிடம்தான் வித்தியாசம்.

இடத்துக்கு இடம் மணிக்கூடு வேறு என்பது மற்றத் தலையிடி. அதற்கும் ஒரு சாமான் இருந்தது. எந்த ஊர், எந்த நாள் என்று கேட்டால், அன்று அந்த ஊர் மணிக்கூடு உலகப் பொது நேரத்துக்கு எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று சொல்லும். இலங்கைக்கு ஐந்தரை மணித்தியாலம் என்பது எனக்குத் தெரியும். ஒரு பழைய நாளைக் கொடுத்தபோது அது ஆறு என்றது. பிழை கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு கணம் நிமிர்ந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றாறில் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாடு மணிக்கூட்டை முன்னே தள்ளியது. பிறகு கொஞ்சம் பின்னே இழுத்தும், இரண்டாயிரத்து ஆறு வரை அரை மணித்தியாலம் கூடுதலாகத்தான் வைத்திருந்தது. நான் தொண்ணூற்றைந்திலேயே இங்கே வந்துவிட்டேன். கொழும்பிலிருந்த சொந்தக்காரர் தொலைபேசியில் “புது நேரம்” என்று சொன்னது மட்டும் காதில் இருந்தது. எங்கள் நாட்டைப் பற்றி எனக்கே மறந்துபோனதை இந்தச் சாமான் மறக்கவில்லையே என்று அதன்முன் நான் அடங்கிப் போனேன். அதன் பிறகு அது சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை.

பக்கத்தைத் திறந்துவிட்டேன். இறந்த நாள், நேரம், நாடு மூன்றையும் போட்டு அழுத்தினால் திதியும் இந்த வருடத்து நாளும் வரும். சனம் பாவித்தது. கோயிலில் கண்டால் “சந்திரன் பிடிக்கிறவர்” என்று பகிடி பண்ணினார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்த வருடம் வைகாசி பிறந்து ஒரு கிழமை இருக்கும். ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்கு ஸ்னூனி என்கிற தேத்தண்ணி இடைவேளை. துப்புரவுப் பகுதியில் வேலை செய்கிற ஒரு அண்ணை எனக்கு எதிரே வந்திருந்தார். ஓஸ்டர்முண்டிகனில் தனியாக இருப்பவர். தொண்ணூற்றொன்றில் வந்தவர். காலைச் சாப்பாட்டுப் பாணைப் பையிலிருந்து எடுக்காமலே இருந்தார்.

“தம்பி, உம்மட பக்கம் பிழைக்காதோ?”

“ஏன் அண்ணை?”

“பிழைக்காதோ எண்டு கேக்கிறன்.”

“நான் கன தரம் பாத்தனான். ஐயற்ற பஞ்சாங்கத்தோடயும் ஒத்துப் பாத்தனான். ஏன், என்ன நடந்தது?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். என் பக்கத்தை அச்செடுத்து வந்திருந்தார். அவரது தாய் வன்னியில் இறந்த நாள். நேரம் காலை ஐந்து பத்து. கீழே தேய்பிறைச் சத்தமி, அதாவது ஏழாம் திதி, என்று என் பக்கம் சொல்லியிருந்தது.

“ஐயர் எனக்குச் சொன்னது அட்டமி. பன்னிரண்டு வருசமா அட்டமிக்குத்தான் செய்யிறன்.” குரலைத் தாழ்த்தினார். “உம்மட பக்கம் சரியெண்டால், பன்னிரண்டு வருசமா அம்மாவைப் பட்டினி போட்டிருக்கிறன் தம்பி.”

அவர் கதை எனக்குத் தெரியும். தாய் போனபோது அவர் கையில் இருந்தது அகதி விண்ணப்பக்காரருக்குக் கொடுக்கிற ‘N’ பெர்மிட். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. செய்தியே ஒரு மாதம் கழித்து, கொழும்பு வந்த ஒருவர் கையில் அவரது அக்கா கொடுத்துவிட்ட கடிதத்தில்தான் வந்தது. கொள்ளி வைக்கவில்லை. எட்டாம் நாள் கிரியை நடந்ததும் முப்பத்தோராம் நாள் கிரியை நடந்ததும் அவர் இல்லாமல். அவர் தாய்க்கென்று செய்ய முடிந்தது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். லீவு எடுப்பார். தானே சமைப்பார். பால்கனியில் காகத்துக்குச் சோறு வைப்பார். மேல்மாடிக்காரி அதற்காக வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதி, நிர்வாகம் இவருக்குக் கடிதம் போட, “பறவைகளுக்கு உணவளிப்பது வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே” என்று ஜெர்மனில் பதில் எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தவர் அவர்.

“இந்த வருசம் சத்தமி ஞாயிறு, அட்டமி திங்கள்” என்றார். “ஞாயிறெண்டால் லீவும் தேவையில்லை. சுகம்தான். ஆனா எது அம்மாவின்ர நாள்? அதை மட்டும் சொல்லும்.”

“ரெண்டு நாள் தாங்கோ அண்ணை.”

“இன்னும் மூண்டு கிழமை கிடக்கு” என்றார். பிறகு, “ஆனா ரெண்டு நாளிலயே சொல்லும்” என்றார்.

அன்று பின்னேரம் ஐயருக்கு எடுத்தேன். என் அதிர்ஷ்டம், விழித்திருந்தார்.

“ஐயா, அந்த வருசத்துப் பஞ்சாங்கம் கையில இருக்கோ?”

“பின்னை எரிச்சே போட்டனான்? பொறும்.” பெட்டிகள் இழுபடுகிற சத்தம், தும்மல் சத்தம். திரும்பி வந்தார். “வைகாசி, அபரபட்சச் சத்தமி. விடியப்புறம் நாலு அம்பத்திரண்டு மட்டும். பிறகு அட்டமி. அந்தம்மா போனது அஞ்சு பத்துக்கு. அட்டமிதான். ஏன், உம்மட கணினி வேற சந்திரனைப் பாக்குதோ?”

நான் என் பக்கத்தைப் பார்த்தேன். சத்தமி முடிகிற நேரம் ஐந்து இருபத்துமூன்று என்று போட்டிருந்தது. நாலு ஐம்பத்திரண்டும் முப்பதும் ஐந்து இருபத்திரண்டு. சந்திரனில் பிழையில்லை, யாழ்ப்பாணத்தில் ஒருவர் கணித்து அச்சடித்ததும், வேறெங்கோ ஒருவர் எழுதிவைத்ததும் ஒரு நிமிடத்துக்குள் கைகுலுக்கி நின்றன. இடையில் நின்றது அந்த அரை மணித்தியாலம்தான். பஞ்சாங்கம் பழைய நேரத்தில் அச்சடித்தது; புது நேரத்துக்கு அரை மணித்தியாலம் கூட்ட வேண்டும்; ஐயர் அதைக் கூட்டவில்லை. அப்படியென்றால் கணினிதான் சரி.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன். ஓ.எல். படித்த நான் செய்த பக்கம் ஐயரின் பிழையைப் பிடித்துவிட்டது என்று உங்கள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடுப்பு மடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லது. அப்ப அந்த மனுசனிட்ட என்னெண்டு சொல்லப்போறியள்?”

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். பன்னிரண்டு வருடம் நீங்கள் பிழையான நாளில் சோறு வைத்தீர்கள் என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதென்றால், ஒரு பெட்டி சொன்னது என்று சொல்லக்கூடாது. அந்த அரை மணித்தியாலம் எங்கே எழுதியிருக்கிறது, யார் எழுதினார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் துன்னில் மதிய இடைவேளைக்கு மற்றவர்கள் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். நான் இருந்து தேடினேன். அந்தச் சாமான் தன் நேரங்களை எங்கிருந்து எடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு போக, அது இன்னொன்றைக் காட்டியது, அது வேறொன்றை. கடைசியில் போய் நின்றது ஒரு வெறும் எழுத்துக் கோப்பில். படமில்லை, நிறமில்லை. தட்டச்சில் அடித்த கொப்பி மாதிரி. அதற்குள் உலகம் கிடந்தது.

பிள்ளைகளே, அதைச் சொல்ல எனக்குச் சரியான சொல் இல்லை. ஆசியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என்று கோப்புகள். ஒவ்வொரு நாட்டுக்கும் வரிகள்: இந்த நாளில் இந்த நாடு மணிக்கூட்டை இவ்வளவு நகர்த்தியது, இந்த நாளில் திருப்பி வைத்தது. சுவிஸைத் தேடினேன். உலகப்போர் நடந்தபோது இரண்டு கோடை மட்டும் மணியை மாற்றிவிட்டுப் பிறகு கனகாலம் விட்டுவிட்டது என்று கிடந்தது. என்னோடு வேலை செய்கிற சுவிஸ்காரருக்கே அது தெரியாது. இதையெல்லாம் ஒரு அரசாங்கமும் செய்யவில்லை. உலகம் முழுக்க நேரத்தில் அக்கறை கொண்ட கொஞ்சப் பேர், மின்னஞ்சலில் ஒருவரோடு ஒருவர் வாதாடி, பழைய பத்திரிகையைத் தேடி, ஊர்க்காரரை விசாரித்து, சேர்த்து வைத்தது. அந்தக் கொப்பியின் பிரதிதான் உங்கள் தொலைபேசிக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணினியில் இருக்கிறது. விமானச் சீட்டு விற்கிற கணினியிலும் இருக்கிறது. உலகத்து மணிக்கூடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் ஓடுகின்றன போல. அதைத் திறந்து பார்க்கவும் யாரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஆசியக் கோப்பில் எங்கள் தீவைக் கண்டேன். தொண்ணூற்றாறின் வரி இருந்தது. இரண்டாயிரத்து ஆறின் வரி இருந்தது. வரிகளுக்கு மேலே குறிப்புகள். குறிப்பு வரிகளின் முன்னால் ஒரு சிறு அடையாளம் போட்டிருப்பார்கள்; இயந்திரம் அந்த அடையாளத்தைக் கண்டால் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அவை மனிதர் படிப்பதற்கென்று மனிதர் எழுதிய வரிகள். என் ஆங்கிலம் நொண்டி. விரலை வைத்து வாசித்தேன். தீவின் வடக்கே போராளிகள் கையிலிருந்த பகுதி அந்த நேரமாற்றத்தை ஏற்கவே இல்லை என்ற கருத்தில் அதில் எழுதியிருந்தது.

மூன்று தரம் வாசித்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி வாசித்தேன்.

அப்போது அவர்கள் கையிலிருந்த வன்னியில் மணிக்கூடுகள் பழையபடியே ஓடியிருக்கின்றன. வன்னியில் பிறந்த சொந்தம் எனக்கு இருந்தும் நான் அறியவில்லை. அண்ணையும் அறியவில்லை. நாங்கள் இருவரும் அதற்கு முன்பே புறப்பட்டு வந்துவிட்டவர்கள். எங்கள் ஊரின் மண்ணை மிதித்திராத ஒரு அந்நியர், சண்டைக்குள் அகப்பட்ட சனத்தின் சுவரில் மணிக்கூட்டு முள்ளு எங்கே நின்றது என்று கேட்டறிந்து, கொப்பியில் குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரியால் உலகத்தில் ஒரு இயந்திரமும் மாறப்போவதில்லை. என்றாலும் எழுதியிருக்கிறார்.

செஃப் திரும்பி வந்தபோது நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். “ஹோட்டல் நாட்காட்டி பிழைத்துவிட்டதா?” என்று கேட்டார். “இல்லை, அது சரியாக இருக்கிறது” என்றேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது.

ஆனால் வேலை முடியவில்லை. அந்தக் குறிப்பு ஒரு பிரதேசத்தைப் பற்றியது. அக்காவின் கையிலிருந்த மணிக்கூட்டைப் பற்றி அது எப்படிச் சொல்லும்? கொழும்பு வானொலி கேட்கிற வீடாக இருந்தால் புது நேரம் வைத்திருக்கலாம். அதை அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓஸ்டர்முண்டிகனுக்குப் போனேன். அண்ணை குளித்து, வெளியே போகிறவர் போல இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தார். நான் விளக்கினேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. “அப்ப அக்காவைக் கேட்டாச் சரியோ?” என்றார். “ஓம் அண்ணை” என்றேன். தொலைபேசியைக் கையில் எடுத்தார், வைத்தார். “பிழை எண்டு வந்தால் அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றார். பிறகு எடுத்து, சத்தத்தை வெளியே விட்டு, மேசையில் வைத்தார்.

வன்னியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. பின்னால் ஒரு கோழி கத்தியது.

“அக்கா, ஒண்டு கேக்கவேணும். அம்மா போன அண்டைக்கு நீ மணிக்கூடு பாத்தனியோ?”

“இதென்னடா இப்ப, மத்தியான நேரத்தில.”

“பாத்தனியோ?”

“பாக்காமல்? அஞ்சு பத்து. கடிதத்தில எழுதினனான்தானே.”

“அது பழைய நேரமோ, புது நேரமோ?”

“எடேய், மணிக்கூடு செய்யிற நாட்டில இருவது வருசமா இருக்கிறாய். என்னட்டையோ நேரம் கேக்கிறாய்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணை சிரிக்கவில்லை.

“பகிடி விடாத. சொல்லு.”

“புது நேரம் எண்டது வவுனியாவுக்கு அங்காலடா. கொழும்புக்குப் போறவை சாவடி தாண்டித்தான் மணிக்கூட்டைத் திருப்புவினம், வரேக்க பழையபடி திருப்புவினம். எங்கட பக்கம் ஆர் மாத்தினது? அம்மான்ர சுவர் மணிக்கூடு அப்பா வாங்கினது. சாவி குடுக்கிறதைத் தவிர அதை ஒருத்தரும் தொடேல்லை.”

“உனக்கு வடிவாத் தெரியுமோ?”

“அம்மான்ர தலைமாட்டில இருந்தது நான்” என்றார் அக்கா. குரல் மாறிவிட்டது. “நீ இல்லை.”

அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி மறுபடி கத்தியது. அக்காவே பிறகு மெல்லக் கேட்டார்: “ஏன்டா? நாள் மாறிப்போச்சுதோ?”

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி, இல்லை என்று காட்டினேன்.

“இல்லை அக்கா” என்றார். “மாறேல்லை. சரியாத்தான் கிடக்கு.”

தொலைபேசியை வைத்த பிறகும் அவர் என்னை விடவில்லை. என் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். நான் ஆறை ஐந்தரையாக மாற்றி, நாளையும் நேரத்தையும் போட்டு, விசையை அவரையே அழுத்தச் சொன்னேன். தேய்பிறை அட்டமி. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார், ஈரமாக இருக்கிறதோ என்று பார்க்கிற மாதிரி.

“அப்ப திங்கட்கிழமை” என்றார். “லீவு எடுக்கவேணும்.” லீவு எடுப்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை. உடனே வேலைப் பொறுப்பாளருக்கு எடுக்கத் தொலைபேசியைத் தூக்கினார்.

“அண்ணை, இண்டைக்கு ஞாயிறு. சுவிஸ்காரன் ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைக்கவே மாட்டான், போனோ எடுப்பான்?”

“ஓம், ஓம்” என்று வைத்துவிட்டு, குசினிக்குள் போனார். தேத்தண்ணி கொண்டுவந்தார். சீனி போட்டு, மறந்து மறுபடியும் போட்டிருந்தார். இருவரும் அதையே குடித்தோம்.

ஐயருக்கு எடுத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் பெரிதுபடுத்தவில்லை. “நான் ஒருநாளும் கூட்டிக் கழிக்கிறேல்லை. அங்கத்தை ஆக்களுக்கு அங்கத்தை மணிக்கூடு” என்றார். வன்னி பழைய நேரத்தில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “வந்த சனம் சொல்லும்தானே” என்றார். நான் ஒரு கோப்பில் தேடிக் கண்டதை அவர் திவச வீடுகளில் இலையின் முன்னால் இருந்து கேட்டறிந்து வைத்திருந்தார். நான் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை.

அந்தக் கிழமையே பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன். தொண்ணூற்றாறுக்கும் இரண்டாயிரத்து ஆறுக்கும் இடையில் ஒரு நாளைப் போட்டால், இறந்த இடத்து மணிக்கூடு பழைய நேரமா புது நேரமா என்று அது கேட்கும். தெரியாது என்று அழுத்தினால், வீட்டாரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லும். நான் செய்த பக்கங்களில் விடை சொல்லாமல் ஆளைத் திருப்பி அனுப்புகிறது அது ஒன்றுதான். அண்ணை திங்கட்கிழமை திவசம் கொடுத்தார். செவ்வாய் காலை ஸ்னூனிக்கு ஒரு பெட்டி நிறைய வடை கொண்டுவந்து, துணி பிரிக்கிற பகுதியில் எல்லாருக்கும் கொடுத்தார்.

வடையைக் கடிக்கும்போதுதான் எனக்குள் ஒன்று தட்டியது. அண்ணை ஒருவர் கேட்டார். கேட்காமல் போனவர்கள்? என் பக்கம் வந்தவரின் பெயரைச் சேர்த்து வைப்பதில்லை. எத்தனை தரம் அழுத்தினார்கள் என்று மட்டும் தெரியும், யார் என்று தெரியாது. வன்னியில் ஒருவரை இழந்து, அந்த அரை மணித்தியாலத்துக்குள் அகப்பட்டு, என் பக்கம் சொன்னதை நம்பி நாளை மாற்றிக்கொண்ட ஒருவர் எங்கேயோ இருக்கலாம். பக்கத்தில் திருத்தம் போட்டிருக்கிறேன்தான். ஆனால் ஒருமுறை பார்த்து நாட்காட்டியில் குறித்துவைத்தவர் எதற்குத் திரும்பி வந்து பார்க்கப் போகிறார்?

அன்று பின்னேரம் வேலை முடிய நான் வீட்டுக்கு வரவில்லை. பேருந்தில் ஏறி, தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் கோயிலுக்குப் போனேன். பூசை இல்லாத நேரம். முன்கதவு மட்டும் திறந்திருந்தது. சப்பாத்து வைக்கிற தட்டுக்கு மேலே அறிவித்தல் பலகை இருக்கிறதல்லவா, அதன் முன்னால் நின்றேன். கொண்டுபோன தாளைச் சுவரில் வைத்துப் பேனையால் எழுதினேன். திதிப் பக்கத்தில் வன்னியில் இறந்தவர்களுக்கு நாள் பார்த்தவர்கள் தயவுசெய்து மறுபடி பார்க்கவும், அரை மணித்தியாலப் பிழை இருந்தது, பிழை செய்தவன் நான் என்று எழுதி, கீழே என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டேன். வயதானவர்களும் வாசிக்க வேண்டுமென்று எழுத்தைப் பெரிதாக எழுதினேன். தேர்த் திருவிழா அறிவித்தலுக்கும் வாடகைக்கு வீடு தேடுகிற ஒருவரின் துண்டுக்கும் நடுவில் இடம் இருந்தது. நாலு மூலையிலும் ஊசி குத்தி, ஒரு மூலை சுருண்டு நின்றதை உள்ளங்கையால் தடவி விட்டேன்.